மரகதத்தை அழிக்காமல்

கொஞ்சம் காலை நகர்த்திக்கங்க தம்பி. இல்லைங்க, மேலே வைக்க மாட்டேன். கண்டக்டரும் அதைத்தான் சொன்னார், "பெருசு, மூட்டையை மேலே போடுங்க, இல்லைன்னா பின்னால டிக்கியில போட்டுட்டு வாங்க"ன்னு. டிக்கியில போடுற சாமான் இல்லை இது. மடியிலேயே இருக்கட்டும்.

என்னன்னு பார்க்கிறீங்களா. கம்ப்யூட்டர். டிவி மாதிரி முன்னால நிக்கிறது இல்லை, அதுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்குமே, அது. மேலே சுத்தியிருக்கிறது வீட்டுக்காரி சேலை. போர்வை சுத்திப் பார்த்தேன், வழுக்குது. நூல் சேலைதான் பிடிப்பா நிக்குது.

உங்க மடியிலேயும் ஒண்ணு வச்சிருக்கீங்க, தட்டையா. கம்ப்யூட்டர் வேலைங்களா? பேங்க்கா. அப்ப பரவாயில்லை, பேசலாம். கம்ப்யூட்டர் படிச்ச ஆளுகன்னா இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். இந்த ஐப்பசியில நான் பார்த்த கம்ப்யூட்டர்காரங்க போதும் எனக்கு.

எனக்குத் திருச்செங்கோடு. சங்ககிரி போற ரோட்டுல எடைமேடை வச்சிருக்கேன். செங்கோடன் எடைமேடைன்னு கேட்டா லாரிக்காரங்க சொல்லுவாங்க. லாரி ஏறி நிக்கும், உள்ளே அறையில எடை தெரியும், சீட்டு அடிச்சுக் கொடுக்கணும். அவ்வளவுதான் தொழில். நான் மூணாவது வரைக்கும் படிச்சவன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் எண்ணு மட்டும் தெரியும். எடைக்கு எண்ணு போதும்.

எனக்கு எதிர்த்தாப்புல இன்னொரு மேடை இருக்குது. குப்பண்ணனோடது. அவனைப் பத்திப் பேச வேண்டாம். என் வீட்டுக்காரி காரியத்துக்கு வந்தவன், மாலையைப் போட்டுட்டு வெளியே போய் நின்னு, ஒரு நாளைக்கு எத்தனை லாரி ஏறுதுன்னு என் ஆள்கிட்ட விசாரிச்சிருக்கான். அந்தக் குப்பண்ணன். அவனைப் பத்திப் பேச வேண்டாம்.

விசயம் என்னன்னா, எங்க பக்கம் கோழித் தீவன ஆலை ஒண்ணு இருக்குது. மக்காச்சோள லாரி பூராவும் அங்கே வரும். வர்ற லாரி எல்லாம் என் மேடையில ஏறித்தான் போகணும்னு ஆலைக்காரங்க சொல்லிட்டாங்க. எடை என் பெட்டியில விழுந்ததும், அதே நிமிசம் அங்கே அவங்க ஆபீசுல தெரிஞ்சுடும். நான் சீட்டு கொடுக்கிறதெல்லாம் சும்மா டிரைவர் மனசுக்காக. ஆலையை வச்சுத்தான் என் மேடை. மத்த லாரி இன்னைக்கு வரும், நாளைக்கு வராது.

இப்ப அந்த எடை போறதில்லை. சரஸ்வதி பூசைக்கு மறுநாள் நின்னது. தராசு சொல்றது பெட்டிக்குக் கேட்கலை, பெட்டி சொல்றது ஆலைக்குக் கேட்கலை. ரெண்டு பக்கமும் ஊமை. ஆலை மேனேஜர் நல்ல மனுசன், "தீபாவளி வரைக்கும் பார்க்கிறேன் செங்கோடண்ணா, அதுக்கு மேல முதலாளி என்னைக் கேட்பார்"னு சொல்லிட்டார். தீபாவளி இந்தா வந்துடுச்சு. குப்பண்ணன் மேடை முன்னால நேத்து புதுசா வாழைமரம் கட்டியிருக்கான். எதுக்குக் கட்டறான், சொல்லுங்க பார்ப்போம்.

ரிப்பேர்தானே, ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ண வேண்டியதுதானேன்னு நினைக்கிறீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது உங்க பேங்க்குல இருக்கிற மாதிரி விண்டோஸ் இல்லைங்க. இது வேற. இதுக்கு ஒரு பேர் இருக்குது, எனக்கு வாயில நுழையாது. கடையில கேட்டா இல்லை. இதை வச்சிருக்கிறவங்க உலகம் பூரா கொஞ்சப் பேர்தானாம். இதைப் போட்டது அந்தப் பொண்ணு.

எந்தப் பொண்ணுன்னா, என் மகன் பூபதி கட்டின பொண்ணு.

முன்னால விண்டோஸ்தான் இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை படுத்துக்கும். லாரி மேடையில நிக்கும், திரையில நீலமா வந்து நிக்கும், டிரைவர் ஹாரன் அடிப்பான். கல்யாணமாகி வந்த புதுசுல அந்தப் பொண்ணு பார்த்துட்டு, "மாமா, இது உங்களுக்குத் தோதுப்படாது, நான் வேற போட்டுத் தர்றேன், கல்லு மாதிரி நிக்கும்"னு சொல்லுச்சு. போட்டுச்சு. அதுக்கப்புறம் அது நின்னதே இல்லை, மின்னல் அடிச்சப்பகூட. அது வேற விசயம். ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாத ஒண்ணைக் கொண்டாந்து வச்சா, நாளைக்கு ஒண்ணுன்னா நான் யாரைப் போய்ப் பார்க்கிறது? அதை யோசிக்கணுமா இல்லையா? படிச்ச பொண்ணு.

இல்லை, இப்ப அவங்க எங்ககூட இல்லை. ரெண்டு வருசம் ஆச்சு.

சொல்றேன், என்ன ரகசியமா. நான் மேடை போட்ட காலத்துல எடையை நாமதான் அடிக்கணும். மீட்டர்ல பார்த்து, பெட்டியில கையால அடிக்கணும். வாடிக்கை டிரைவர் ஒருத்தன், வழியில டீசல் போட்டிருப்பான், மழையில தார்ப்பாய் நனைஞ்சிருக்கும், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒரு முப்பது நாப்பது கிலோ பார்த்துப் போட்டுக் கொடுப்போம். அதுக்குப் பேர் அனுசரிப்பு. நான் யார்கிட்டேயும் அதுக்கு ஒரு டீகூட வாங்கிக் குடிச்சதில்லை. ஆள் முகத்தைப் பார்த்துச் செய்யறது. அந்தப் பொண்ணு போட்டதுல அது முடியாது. மீட்டர்ல இருந்து வயர் வழியா நேரா உள்ளே போயிடும். நம்ம கை நடுவுல வராது.

என் வீட்டுக்காரி இருந்த வரைக்கும் அதையும் சமாளிச்சா. அறையில அவதான் உட்காருவா. டிரைவர் முனகினா, "இது மெஷின் போடுற எடை, எங்க கையில ஒண்ணுமில்லை கண்ணு, மோர் குடிச்சிட்டுப் போ"ம்பா. போயிடுவான். அவ போனதுக்கப்புறம் ஒரு நாள் மாதேசுன்னு ஒரு டிரைவர், எனக்கு இருவது வருச வாடிக்கை, நாலு டிரைவருங்க நிக்கிற இடத்துல கேட்டுட்டான். "என்னண்ணா, உங்க மேடையில உங்களுக்கே உரிமை இல்லையா"ன்னு. அந்தப் பொண்ணு அன்னைக்கு வேலைக்கு லீவு போட்டிருந்தது, அறைக்கு உள்ளேதான் இருந்தது. நான் கூப்பிட்டு, "கையால அடிக்கிற மாதிரி ஒரு வழி பண்ணிக் கொடும்மா"ன்னேன். மெதுவாத்தான் கேட்டேன். அது என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "மாமா, கை வைக்க வழி வச்சா அப்புறம் இது தராசு இல்லை."

நாலு டிரைவருங்க முன்னால.

தராசு இல்லைன்னா அதை வச்சிருக்கிற நான் யாரு? நீங்களே சொல்லுங்க. களவாணின்னு சொல்றதுக்கு வேற எப்படிச் சொல்லணும்? நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "இனி இந்த மேடைப் படியை மிதிக்காதே"ன்னேன். சாயங்காலமே கிளம்பிடுச்சு. பூபதியும் பின்னாலேயே போயிட்டான். கோவத்துல ஒரு மனுசன் ஆயிரம் சொல்லுவான். அதைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு வருசமா ஒரு பொண்ணு படி மிதிக்காம இருக்குதுன்னா அதுக்குப் பேர் என்னங்க? வன்மம். எனக்கு அந்தக் குணம் கிடையாது. நான் அன்னன்னைக்கே மறந்துடறவன்.

பெருந்துறை வந்துடுச்சா? பத்து நிமிசம் நிப்பான். நீங்க இறங்கி டீ குடிக்கிறதுன்னா குடிச்சிட்டு வாங்க, நான் இடம் பார்த்துக்கிறேன். எனக்கு வேண்டாம். இந்த ஸ்டாண்டு கடையில நான் குடிக்கிறதில்லை. பூபதி கைக்குழந்தையா இருந்தப்ப பாலுக்கு வெந்நீர் கேட்டேன், டீ வாங்கினாத்தான் வெந்நீர்னு சொன்னான். அன்னையோட சரி. இப்ப இருக்கிறவன் வேற ஆள்தான். கடை அதேதானே.

வந்துட்டீங்களா. எங்கே விட்டேன்? ஆங். ஒரு விசயம் சொல்லிடறேன். ஆலைக்காரங்க எதுக்கு என் மேடையை எடுத்தாங்கன்னு நினைக்கிறீங்க? குப்பண்ணனும்தான் கேட்டான். மேனேஜர் நேரா சொன்னார், "அங்கே கையால அடிக்கலாம் செங்கோடண்ணா, உங்க மேடையில முடியாது. முதலாளிக்கு அதுதான் வேணும்"னு. நேர்மைக்கு ஒரு மரியாதை இன்னும் இருக்குது பாருங்க. அப்பன் காலத்துல இருந்து நாங்க அப்படித்தான்.

சரி. நின்னு போச்சுன்னு சொன்னேன்ல. முதல்ல ஈரோட்டுல ஒரு பெரிய கடையில இருந்து ஆள் வந்தான். கழுத்துல அட்டை, ஷூ. உட்கார்ந்தான், தட்டினான், நெத்தியைச் சுருக்கினான். "இது விண்டோஸ் இல்லையே ஐயா"ன்னான். இல்லைன்னேன். "யாராவது இதுல கை வச்சாங்களா"ன்னான். ஒருத்தரும் தொடலைன்னேன். அப்புறம் திரையைப் பார்த்துக்கிட்டே, "மரகதம்னு யாருங்க"ன்னான்.

எனக்கு ஒண்ணும் புரியலை. "என் வீட்டுக்காரி. ஏன்?"னு கேட்டேன்.

"இந்த மெஷினுக்கு அந்தப் பேர்தான் வச்சிருக்காங்க. ஒவ்வொரு வரிக்கும் முன்னால வருது பாருங்க"ன்னு விரலை வச்சுக் காட்டினான். இங்கிலீஷ் எழுத்து. எனக்கு அது வெறும் கோடு. தினம் அது முன்னாலதான் உட்கார்ந்திருக்கேன். சீட்டு அடிக்கிறேன், லாரி நம்பரைப் பார்க்கிறேன். ஒவ்வொரு வரியிலேயும் அவ பேர் இருந்திருக்குது, எனக்குத் தெரியாது. ஒருத்தரும் சொல்லலை. அவளுக்காவது தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சுதான் இருக்கும். அதுங்க ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்ததுங்க. அந்த அறையில உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரிக்கும், நான் போனா நிறுத்திக்கும்.

கோவம்தான் வந்தது, வேற என்ன வரும். என் வீட்டுக்காரி பேரை எடுத்து ஒரு பெட்டிக்கு வைக்க, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

அந்த ஷூக்காரன் சொன்னான், "இதோட மல்லுக்கட்டிப் பிரயோசனமில்லை ஐயா. எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுடறேன். மத்தியானத்துக்குள்ள ஓடும்"னு. அழிச்சா அந்தப் பேர் என்ன ஆகும்னு கேட்டேன். "அது போயிடும். புதுசுக்கு நீங்க எந்தப் பேர் வேணாலும் வச்சுக்கலாம்"னான்.

எந்திரிச்சுப் போப்பான்னு சொல்லிட்டேன். இல்லை, பேருக்காக இல்லைங்க. உள்ளே அத்தனை வருச எடை இருக்குது. அதையெல்லாம் வேற இடத்துல எடுத்து வச்சுக்கலாம்னு அவன் சொன்னான்தான். இருந்தாலும் அழிக்கிறேன்னு ஒருத்தன் வாய்ல வந்ததுக்கப்புறம் அவன் கையில எப்படிங்க கொடுக்கிறது.

அப்புறம் காலேஜ் வாத்தியார் ஒருத்தர். மேனேஜருக்குத் தெரிஞ்சவர். கம்ப்யூட்டரே சொல்லித் தர்றவர். வந்து பெட்டியைப் பார்த்ததும் மயிலைப் பார்த்த மாதிரி நின்னார். "இதைப் பத்திப் படிச்சிருக்கேன், ஓடுறதை இப்பத்தான் பார்க்கிறேன்"னார். போட்டோ எடுத்தார். யாராவது கை வச்சாங்களான்னு அவரும் கேட்டார். இல்லைன்னேன். எதை எதையோ மாத்தி மாத்தி அடிச்சார். எதை மாத்தினோம்னு அவருக்கே கடைசியில நினைவில்லை. "ரொம்ப சுவாரசியமான பிரச்சினை"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். எனக்கு மேடையில லாரி நிக்குது, அவருக்குச் சுவாரசியம்.

மூணாவது சங்ககிரிக்காரன். அவன் திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, வயர் மாட்டுற பகுதியையே கழட்டி வேற ஒண்ணைப் போட்டுட்டான். பழசுதான் கெட்டுப் போச்சாம். போட்டும் ஓடலை. கேட்டா, "இதைப் போட்ட ஆளையே கூப்பிடுங்கண்ணா, இது அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்"னான். மூணு பேரும் கடைசியில வந்து நிக்கிற இடம் அதுதான். போட்ட ஆளைக் கூப்பிடு, போட்ட ஆளைக் கூப்பிடு. போட்ட ஆளைக் கூப்பிடறதுக்கு நீ எதுக்கு?

என்ன கேட்கிறீங்க? பூசையா? ஆமா, சரஸ்வதி பூசைக்கு மறுநாள்தான் நின்னது. பூசை எப்பவும் போலத்தான். எல்லாத்தையும் துடைச்சுப் பொட்டு வச்சோம். என் வீட்டுக்காரி இருந்தப்ப முன்பக்கம் மட்டும் துடைக்கச் சொல்லுவா, பின்னால தொட விடமாட்டா. அவ போனதுக்கப்புறமும் பொட்டு வச்சதோட சரி. இந்த வருசமாவது முழுசா செய்யலாம்னு பெட்டியை வெளியே எடுத்து, வயரையெல்லாம் உருவி, தூசி தட்டி, ஈரத்துணி போட்டுத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சுக் கும்பிட்டேன். பொரி, கடலை, அவல் எல்லாம் வச்சேன். குறை ஒண்ணும் வைக்கலை. பின்னால ரெண்டு வயருக்கு டேப் ஒட்டி எழுதியிருந்தது, ஒண்ணுல 'தராசு'ன்னு, இன்னொண்ணுல 'வெளி'ன்னு. அந்தப் பொண்ணு கையெழுத்து. கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ச்சேன், சுத்தமா வந்துடுச்சு. மறுநாள் எல்லா வயரையும் இருந்த மாதிரியே மாட்டிட்டேன். ரெண்டு ஓட்டையும் ஒரே மாதிரிதான் இருக்குது, எதுல எது போனா என்ன.

அதை எதுக்குங்க அவங்ககிட்ட சொல்லணும்? யாராவது கை வச்சாங்களான்னுதானே கேட்டாங்க. பூசை போடுறது கை வைக்கிறதா?

நீங்க அப்படிப் பார்க்காதீங்க தம்பி. நீங்க பேங்க்.

நடுவுல பூபதி பேசினான். ஞாயித்துக்கிழமை பேசுவான். சாப்பிட்டீங்களாப்பா, மழை உண்டா, முழங்கால் எப்படி இருக்குது. அவ்வளவுதான் எங்க பேச்சு. அன்னைக்கு, "மேடை எப்படிப்பா ஓடுது"ன்னு கேட்டான். எப்பவும் கேட்க மாட்டான். "ஓடுது"ன்னேன். பின்னால இருந்து ஒரு குரல், "இங்கே இருந்து பார்த்தா மரகதம் தெரியவே இல்லை, பூசையில இருந்து காணோம், கேளுங்க"ன்னு மெதுவா சொல்லுது. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அவன், "நெட் எல்லாம் வருதுங்களாப்பா"ன்னான். "வருது. எல்லாம் வருது"ன்னேன். அப்புறம் மழையைப் பத்திக் கேட்டான்.

இப்ப நீங்க சொல்லுங்க, அங்கே இருந்தே தெரியுதுன்னா, ஓடலைன்னு தெரியுதுதானே? தெரிஞ்சும் ஒரு போன் போட்டு, "மாமா, என்ன ஆச்சு"ன்னு நேரா கேட்டா என்ன குறைஞ்சுடும்? கேட்கலை. அதான் சொன்னேன், வன்மம்.

எங்க ரோட்டு முக்குல ரபீக்னு ஒருத்தர் செல்போன் கடை வச்சிருக்கார். அவர்கிட்டப் போய் உட்கார்ந்துட்டேன். வேற போக்கிடம் இல்லை. அவர் சொன்னார், "பெரியவரே, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. ஆனா இதை வச்சிருக்கிறவங்க எல்லாம் நெட்டுல ஒரு இடத்துல கூடிப் பேசிக்குவாங்க. நாம எழுதிக் கேட்போம். யாராவது புண்ணியவான் பதில் போடுவான்"னு. மேடைக்கு வந்து திரையைப் போட்டோ எடுத்து, இங்கிலீஷ்ல எழுதிப் போட்டார். எடைமேடைன்னு எல்லாம் எழுதலை. ஒரு மெஷின், ரெண்டு பக்கமும் பேச மாட்டேங்குது, அழிக்காம சரி பண்ணணும், அவ்வளவுதான்.

பதில் வந்துச்சுங்க. எங்கெங்கே இருந்தோ. ஒரு வெள்ளைக்காரன், கூட வந்திருக்கிற கைப்புத்தகத்தை முதல்ல படிச்சுட்டு வாங்கன்னு எழுதியிருந்தான். ரபீக் அதைப் படிச்சுச் சொன்னப்ப எனக்கு வந்த கோவத்துக்கு அவன் பக்கத்து ஊரா இருந்திருந்தா நேராவே போயிருப்பேன். இன்னொருத்தன், ஏதோ ஒரு கட்டளையைச் சொல்லி, அதை அடிச்சு வர்றதை அனுப்புன்னான். அனுப்பினோம். இன்னொண்ணை அடின்னான். அடிச்சோம். அப்புறம் அவன் ஆளையே காணோம். மூணாவது ஒருத்தன், இவ்வளவு பழைய சாமானை எதுக்கு வச்சு அழறீங்க, அழிச்சிட்டுப் புதுசு போடுங்கன்னான். உலகம் பூரா அழிக்கிறதுக்குத்தான் ஆள் இருக்குது. வச்சுக் காப்பாத்த ஒருத்தன் இல்லை. தினம் காலையில போய் ரபீக் கடை ஸ்டூல்ல உட்காருவேன். அவர் பார்ப்பார். தலையை ஆட்டுவார். நான் எந்திரிச்சு வருவேன்.

அப்படி ஒரு நாள் போறேன், ரபீக் போனைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மாதிரி உட்கார்ந்திருக்கார். "பெரியவரே, தமிழ்ல ஒரு பதில் வந்திருக்கு"ன்னார். "படிங்க"ன்னேன். படிச்சார். 'பூசைக்குப் பெட்டியைக் கழட்டினீங்களா? பின்னால வயர்ல டேப் இன்னும் இருக்கா?'

ரபீக் என்னைப் பார்த்தார். "நான் பூசையைப் பத்தி எழுதவே இல்லையே. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா"ன்னார். "ஊர்ல பூசை போடாதவன் யாரு, குத்துமதிப்பா கேட்டிருப்பாங்க"ன்னேன். "டேப்புன்னு கேட்கிறாங்களே, அது என்ன டேப்பு?" "என்ன டேப்பு? எனக்குத் தெரியாது. இல்லைன்னு போடுங்க." போட்டார். ரபீக் ரெண்டு போனுக்குக் கண்ணாடி மாத்திட்டார், அது வரைக்கும் பதில் வரலை. அப்புறம் வந்தது. 'சரி. ரெண்டு வயரையும் இடம் மாத்தி மாட்டிப் பாருங்க'ன்னு.

மாத்தி மாட்டினோம். ஓடலை. நடுவுல யார் யார் என்ன செஞ்சாங்கன்னு கேட்டு வந்தது. ஷூக்காரன், வாத்தியார், திருப்புளிக்காரன் எல்லாத்தையும் ரபீக் எழுதினார். முதல் நாளே மாத்தி மாட்டியிருந்தா அத்தோட முடிஞ்சிருக்கும், இப்ப உள்ளே எல்லாம் கலைஞ்சு கிடக்குது, நேர்ல பார்த்தாத்தான் முடியும்னு வந்தது. அதுக்குக் கீழே இன்னொரு வரி. 'யார் சொன்னாலும் அழிக்க விடாதீங்க. பத்திரமா கொண்டு வாங்க.'

அதை மட்டும் ரபீக்கை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

அங்கே வர முடியாதான்னு கேளுங்கன்னேன். கேட்டார். 'அந்தப் படிக்கு நான் வரக்கூடாதுன்னு இருக்கு. பெட்டி வரலாம்'னு வந்தது. ரபீக்குக்குப் புரியலை. "என்ன படி, பெரியவரே"ன்னார். எனக்கும் புரியலைன்னு சொல்லிட்டேன். விலாசமும் போன் நம்பரும் போட்டிருந்தது. கோயமுத்தூர், ஹோப்ஸ்ல இறங்கி, தண்ணித் தொட்டிக்குப் பின்னால, மாடி வீடு. ரபீக் துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தார். வாங்கிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டேன். எனக்குச் சீட்டு வேண்டியதில்லை. அந்த வீட்டுப் பால் காய்ச்சுக்குப் பத்திரிகை வந்தது, சாமி படத்துக்குப் பின்னால இன்னும் செருகியிருக்குது. நான் போகலை. தபால்ல அனுப்பினா யார் போவாங்க? நேர்ல வந்து கொடுக்கணும் இல்லையா?

எப்படி வந்து கொடுக்கும்னு கேட்கிறீங்களா. நீங்க நல்லாப் பேசறீங்க தம்பி.

நீலாம்பூர் தாண்டியாச்சா. அடுத்தது சின்னியம்பாளையம். அதுக்கப்புறம்தானே ஹோப்ஸ்? எனக்கு ஒரு உதவி செய்யணும் நீங்க. இறங்கினதும் இந்த நம்பருக்குக் கூப்பிடணும்னு எழுதியிருக்குது. உங்க போன்ல இருந்து ஒரு தடவை அடிச்சுக் கொடுங்க. என்கிட்டே போன் இருக்குதுங்க, சார்ஜும் இருக்குது. என் போன்ல இருந்து போட்டா என் பேர் அங்கே தெரியும்ல.

தெரிஞ்சா எடுக்காம விட்டுட்டா?

ரபீக் கேட்டப்ப எழுதினது வேறங்க. ரபீக் மூணாம் மனுசன். மூணாம் மனுசனுக்கு யாரும் உதவி பண்ணுவாங்க. காலையில திருச்செங்கோட்டுல ஏறினதுல இருந்து இதைத்தான் யோசிச்சுக்கிட்டு வர்றேன். இதைக் கையில வச்சுக்கிட்டு ஸ்டாப்புல நிக்கிறேன், அங்கே போன் அடிச்சுக்கிட்டே இருக்குது, அது பேரைப் பார்த்துட்டு அப்படியே வச்சுடுது. அப்புறம் நான் இதைத் தூக்கிக்கிட்டு எங்கே போவேன்? எல்லாப் பக்கமும் போயாச்சே.

அடிங்க. மணி போகுதா? எடுத்தா என்ன பேர் சொல்லிக் கேட்கணும்னா? எடைமேடை மெஷின் வருதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும். பேர் வேணுமா? வேற யாராவது எடுத்தா யாரைக் கூப்பிடச் சொல்றதுன்னா. அதுவும் சரிதான்.

மணிமொழி.

இல்லை, சத்தமாத்தான் சொன்னேன். பஸ் சத்தம். மணிமொழி. மணிமொழின்னு கேளுங்க.

எடுத்துடுச்சா? அதேதானா பேசுது? சொல்லுங்க, ஹோப்ஸ்கிட்ட வந்துட்டோம்னு சொல்லுங்க. பெட்டி பத்திரமா இருக்குதுன்னு சொல்லுங்க. எதுலேயும் இடிக்கலை, வழியெல்லாம் மடியிலதான்னு சொல்லுங்க. என்ன கேட்குது? யார் கொண்டு வர்றாங்கன்னா?

ரபீக் வர்றதா நினைச்சிருக்கும்.

இருங்க. போனை வச்சுடாதீங்க, இருங்க. மரகதத்தோட வீட்டுக்காரர்னு சொல்லுங்க. ஆமாங்க, அப்படியே சொல்லுங்க. மரகதத்தோட வீட்டுக்காரர் கொண்டு வர்றாருன்னு.

வச்சுடுச்சா? பேசிட்டுத்தான் வச்சுதா? என்ன சொல்லுச்சு? மழை தூறுது, நனைய வேண்டாம், நிழற்குடைக்குள்ள நிக்கச் சொல்லுங்க, வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லுச்சா.

நனைய வேண்டாம்னு பெட்டியைச் சொல்லுச்சா, என்னையா?

அதை நீங்க கேட்கலையா. கேட்டிருக்கலாம். சரி, விடுங்க. கண்டக்டர் விசில் அடிச்சுட்டார். கொஞ்சம் வழி விடுங்க தம்பி. வேண்டாங்க, நானே தூக்கிக்கிறேன். அந்தச் சேலை முந்தியை மட்டும் எடுத்து மேலே போட்டு விடுங்க, கீழே இழுபடுது.